முதல் நாள் ரிசப்ஷன், மறுநாள் கல்யாணம்

2025 ஜூன் 17, செவ்வாய்க்கிழமை. காலை 5.20க்கு எழுந்தேன். 5.45க்குப் பால் வந்தது. 6 மணிக்குக் காபி. 6.20 முதல் 7.05 வரை பெங்களூர் சாங்கி ஏரியைச் சுற்றி நடை – லேசான தூறல், குடை விரிக்கும் அளவுக்கு இல்லை. இட்லி நான்கு. சம்பிகே ரோடு ஸ்டேஷனில் 9.12 மெட்ரோ. அலுவலகத்தில் இரண்டு நில வரைபடங்களைச் சரிபார்த்தேன். ஒன்றில் வடக்கு திசையைக் காட்டும் அம்புக்குறி இல்லை. திருப்பி அனுப்பினேன்.

மாலை 4.35க்குத் தங்கையிடமிருந்து போன்.

"அண்ணா, அயர்லாந்து விசா ஆபீஸ்லேருந்து மெயில் வந்திருக்கு."

"விசா கிடைச்சாச்சா?"

"கேள்வி கேட்டிருக்காங்க. எல்லாம் உன்னாலே வந்தது. சீக்கிரம் வீட்டுக்கு வா."

என் டைரியில் அன்றைய பக்கம் அதோடு நிற்கிறது. இருபத்தொன்பது வருடமாக டைரி எழுதுகிறேன். பாதியில் நின்ற பக்கம் அது ஒன்றுதான்.

தங்கை கல்யாணம் முடிந்து இவ்வளவு நாளாகிறது, அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். எழுதக் கூடாது என்று உத்தரவு. 'விசா விஷயம் ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் என் பேர் பத்திரிகையிலே வரக் கூடாது. வந்தா உன் டைரியெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போயிடும்' என்று சொல்லியிருந்தாள். செய்யக் கூடியவள். போன வாரம்தான் எழுத அனுமதி கிடைத்தது.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். என் தங்கை சுகந்திக்கு வயது 42. மல்லேஸ்வரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்கு டீச்சர். அப்பா அம்மா காலமான பிறகு பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டில் நானும் அவளும்தான். எனக்கு வயது 54, திருமணம் ஆகவில்லை. அது வேறு பத்தி.

சனிக்கிழமைகளில் அவள் வைட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மென்ட்டுக்குப் போய், வெளியூர்களிலிருந்து வந்தவர்களுக்குப் பேச்சுக் கன்னடம் சொல்லிக்கொடுப்பாள். அங்கே மாணவராக வந்தவர்தான் டெக்லன். அயர்லாந்தில் கார்க் என்ற ஊர். சாஃப்ட்வேர் வேலையாக மூன்று வருட ஒப்பந்தத்தில் பெங்களூர் வந்தவர்.

"கிளாஸிலே பதினேழு பேர்ண்ணா. ஹோம்வொர்க் பண்ணிட்டு வந்தது இவர் ஒருத்தர்தான்" என்று ஒரு நாள் சொன்னாள். ஒரு டீச்சர் இப்படிச் சொன்னால் விஷயம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எனக்கே புரிந்துவிட்டது.

ஒரு தமிழ்ப் பெண் ஓர் அயர்லாந்துக்காரருக்குக் கன்னடம் சொல்லிக்கொடுத்து, அதில் காதல்... பெங்களூரைத் தவிர வேறு எந்த ஊரில் இது நடக்கும்? அவர் எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை என்னிடம் ஒப்பித்தார்: "நானு நிம்ம தங்கீன மதுவெ ஆகபேக்கு அந்திதீனி." உங்கள் தங்கையைக் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறேன்.

உச்சரிப்பு சரியாக இருந்தது. இலக்கணம் சரியாக இருந்தது. நான் வேறு என்ன கேட்பது?

பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மார்ச் 9ஆம் தேதி டெக்லனின் ஒப்பந்தம் முடிந்தது, ஊருக்குத் திரும்பிவிட்டார். அவருடைய அம்மா மோராவுக்கு வயது 76, தனியாக இருக்கிறார். அதனால் குடித்தனம் கார்க்கில் என்று முன்பே முடிவு. அதற்கு சுகந்தி, அந்த நாட்டுக்காரரின் மனைவி என்ற முறையில் விசா வாங்க வேண்டும். விசா வருவதற்கு முன்பே அவள் ஒரு காரியம் செய்துவிட்டாள். மே மாதக் கடைசியோடு வேலையை விட்டுவிட்டாள். அவள் இடத்துக்கு வேறு டீச்சரும் வந்தாயிற்று.

மனைவி விசாவுக்கு என்ன கேட்கிறார்கள் தெரியுமா? கல்யாணச் சான்றிதழ் மட்டும் போதாது. கல்யாணம் உண்மையானதுதான், விசாவுக்காகப் போட்ட நாடகம் இல்லை என்று காட்ட வேண்டும். எப்போது சந்தித்தீர்கள், எப்படிப் பழகினீர்கள், யார் யாருக்குத் தெரியும், புகைப்படங்கள் எங்கே...

இந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன்.

நில அளவைத் துறையில் முப்பது வருடமாக இருப்பவன். ஒரு காகிதத்தில் தேதி இல்லை என்றால் எனக்கு அது காகிதமே இல்லை. மூன்று ஃபைல் தயாரித்தேன். பக்க எண், பொருளடக்கம், வண்ணப் பிரிப்புத் தாள்கள். அவர்கள் இருவரும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டதை மட்டும் சுகந்தி என்னிடம் தர மறுத்துவிட்டாள். "அதை நானே பிரிண்ட் எடுத்து, நானே ஒட்டிடறேன்." நான் பக்க எண் மட்டும் போட்டேன் – கண்ணை மூடிக்கொண்டு என்று சொல்லலாம்.

புகைப்படங்கள் 64. ஒவ்வொன்றின் கீழும் எண், இடம், தேதி, நேரம், இடமிருந்து வலமாக யார் யார். கல்யாண போட்டோகிராஃபரிடம் கேட்டு, கேமராவில் பதிவான நேரத்தை நிமிடக் கணக்கில் எடுத்து எழுதினேன். ஏப்ரலில் விசா மையத்தில் ஃபைலைக் கொடுத்தபோது கவுன்ட்டரில் இருந்த பெண் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நீட்டா யாரும் கொண்டுவந்ததில்லை சார்" என்றாள். அன்றைய டைரியில் அதையும் எழுதியிருக்கிறேன்.

அந்த நீட்டுதான் எங்கள் காலை வாரியது.

ஜூன் 17ஆம் தேதி வந்த மெயிலின் சாரம் இது: 'புகைப்படங்கள் 23 முதல் 41 வரை பிப்ரவரி 15 மாலை 7.10 முதல் 9.45 வரை எடுக்கப்பட்டவை என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவற்றில் நீங்களும் உங்கள் கணவரும் திருமண வரவேற்பில் விருந்தினரை வரவேற்கிறீர்கள். ஆனால் சான்றிதழ்படி திருமணம் பிப்ரவரி 16. அப்படியானால் இதற்கு முன்பு வேறு திருமணம் நடந்ததா? நடந்திருந்தால் விண்ணப்பத்தில் ஏன் தெரிவிக்கவில்லை? பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் தரவும்.'

நான் இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படித்தபோது சிரிப்பு வந்தது. சுகந்தியின் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது.

நம் ஊரில் முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நான் போகாத ரிசப்ஷனா? மேடையில் இரண்டு சிம்மாசனம், பின்னால் பூக்களில் 'சுகந்தி வெட்ஸ் டெக்லன்' என்று எழுத்து, வரிசையில் நின்று கவர் கொடுத்து, கைகுலுக்கி, 'ஹேப்பி மேரீட் லைஃப்' சொல்லி, போட்டோ எடுத்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறோம். மணமக்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்று ஒரு நாளாவது யாருக்காவது தோன்றியிருக்கிறதா?

எங்கோ ஒரு மேஜையில் உட்கார்ந்து ஃபைல் புரட்டுகிறவருக்குத் தோன்றியது. தோன்றியதில் தப்பே இல்லை. அவர் ஊரில் கல்யாணம் ஆன பிறகுதான் விருந்து.

"போட்டோவுக்குக் கீழே நேரம் போடச் சொல்லி யார்ண்ணா கேட்டாங்க உன்னை?" சுகந்தி கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "தேதி இல்லாம கொடுத்திருந்தா மொத்தமும் கல்யாண போட்டோன்னு பார்த்துட்டுப் போயிருப்பாங்க."

"நடந்ததைத்தானே எழுதினேன்?"

"நடந்ததை எல்லாம் எழுதணும்னு இல்லைண்ணா. அது உன் டைரி இல்லை. என் லைஃப்."

மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். மறுபடி விண்ணப்பிக்கலாம். ஆனால் 'முன்பு மறுக்கப்பட்டதா?' என்ற கட்டத்தில் இனி எப்போதும் 'ஆம்' என்றே எழுத வேண்டும். கணவரை நூறு நாளாகப் போன் திரையில் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருத்திக்கு, இன்னும் ஒரு வருடம் அதே திரை.

மறுநாள் லீவு போட்டேன். காலை 8.30க்கு உட்கார்ந்து மாலை 5க்கு விளக்கக் கடிதத்தை முடித்தேன். நான்கு பக்கம், பதினொரு இணைப்புகள். பிரிவு 1: கல்யாணச் சத்திரத்தை மாலை 3 முதல் மறுநாள் மாலை 3 வரை வாடகைக்கு விடும் முறை. பிரிவு 2: பஞ்சாங்கமும் முகூர்த்த நேரமும். பிரிவு 3: அலுவலகம் போகிறவர்கள் விடியற்காலை முகூர்த்தத்துக்கு வருவதில் உள்ள சிரமங்கள். வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளை வருடவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். அதிலிருந்து முதல் நாள் ரிசப்ஷன் அச்சிட்ட பத்துப் பத்திரிகைகளை எடுத்து, தேதிகளை அடிக்கோடிட்டு, ஒரே இணைப்பாகச் சேர்த்தேன். என்றைக்கோ கல்யாணமான பத்து ஜோடிகள், பாவம், என் தங்கைக்காக அயர்லாந்துக்கு சாட்சி சொல்லப் புறப்பட்டார்கள்.

சுகந்தி நான்கு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். கையில் சிவப்புப் பேனா. பரீட்சைப் பேப்பர் திருத்தும் பழக்கம்.

"ஸ்டெப்ஸ் எல்லாம் இருக்குண்ணா. ஆன்ஸர் எங்கே?"

"என்ன ஆன்ஸர்?"

"முன்னாடி வேற கல்யாணம் நடந்ததான்னு கேட்டிருக்காங்க. இல்லைன்னு இந்த நாலு பக்கத்திலே எங்கேயாவது ஒரு வரி இருக்கா?"

தேடினேன். உண்மையிலேயே இல்லை.

"இதைப் படிச்சா எனக்கே என் மேலே சந்தேகம் வருது" என்று பேனாவை மூடினாள்.

வியாழக்கிழமை மாலை நாகராஜ் வந்தார். பக்கத்து கிராஸ் தெருவில் பாஸ்போர்ட், விசா படிவங்கள் நிரப்பிக் கொடுக்கிறவர். வீட்டில் பேசுவது கன்னடம், எங்களோடு தமிழ். நல்ல மனிதர். மெயிலைப் படித்துவிட்டு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

"ஏனு சார், இது ஒரு விஷயமா? கேப்ஷன்ல டேட் தப்பா டைப் ஆயிடுச்சு, எல்லா போட்டோவும் பதினாறாம் தேதி சாயங்காலம் எடுத்ததுன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. முடிஞ்சது."

"அது பொய் நாகராஜ்."

"பொய் இல்லை சார். கரெக்‌ஷன்."

"பதினாறாம் தேதி சாயங்காலம் நாங்க சத்திரத்தையே காலி பண்ணியாச்சு."

"அவங்களுக்கு எப்படி சார் தெரியும்? அவங்க ஊர்ல மதுவெ முடிஞ்சு பார்ட்டி. நீங்க நிஜத்தைச் சொன்னா அவங்களுக்குப் புரியாது. புரியற மாதிரி ஒண்ணைச் சொல்லிட்டா அவங்களுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி. சும்னே எதுக்கு ரிஸ்க்கு? ஏம்மா, நீங்க சொல்லுங்க."

சுகந்தி தட்டில் இருந்த முறுக்கைச் சின்னச் சின்னதாக உடைத்துக்கொண்டிருந்தாள், சாப்பிடவில்லை.

நான் பொய் எழுதுகிறவன் இல்லை. வடக்கு அம்புக்குறி இல்லாத வரைபடத்தைக்கூடத் திருப்பி அனுப்புகிறவன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. நான் பிடிவாதமாக உண்மையை எழுதி, விசா மறுக்கப்பட்டால் – என் டைரி சுத்தமாக இருக்கும். அவள் வாழ்க்கை? என் சுத்தத்துக்கு அவள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

"சுகு, நீ சொல்லு. நாகராஜ் சொல்ற மாதிரியே எழுதணும்னா எழுதித் தர்றேன். கையெழுத்து என்னோடதா இருக்கட்டும். கேப்ஷன் நான் போட்டதுதானே?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அவள் இதுவரை கேட்டதில்லை. நாகராஜ்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"போட்டோ ஃபைலைக் கொண்டா" என்றாள்.

கொடுத்தேன். ரிசப்ஷன் பக்கங்களைப் புரட்டி, ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"முப்பத்தொண்ணு. இதிலே என்ன இருக்கு?"

"மேடை. இடமிருந்து வலமா டெக்லன், நீ, உங்க பிரின்சிபால், அவர் வீட்டுக்காரர். இரவு 8.22."

"என் கழுத்தைப் பாரு."

"ஆரம். நெக்லஸ். அம்மாவோட சிவப்புக்கல் பதக்கம்."

"தாலி?"

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

"இல்லை."

பக்கங்களைத் தள்ளினாள். "ஐம்பத்திரண்டு."

மறுநாள் காலை 6.54. மணமேடை. மாலை ஒரு பக்கம் சரிந்து, புகையில் கண் கலங்கி, சிரிக்கிறாள். அத்தனை நகைகளுக்கும் மேலே பளிச்சென்று புது மஞ்சள் கயிறு, தாலி.

"அங்கே இல்லை, இங்கே இருக்கு. ரெண்டுக்கும் நடுவிலேதான் எனக்குக் கல்யாணம் ஆச்சு. இதைவிட வேற என்ன ஆதாரம் வேணும்?"

அறுபத்து நான்கு படங்களுக்கும் தேதி, நேரம், பெயர் எழுதியவன் நான். எங்கள் எதிர்வீட்டு மாமா மேடையின் எந்த மூலையில் நின்றார் என்பதுவரை எழுதியிருக்கிறேன். அவள் கழுத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

நாகராஜ் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "நிஜத்தையே சொல்றதா இருந்தா... இது நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா ரிஸ்க்கு ரிஸ்க்குதான்" என்று சொல்லிவிட்டு, மீதி முறுக்கையும் எடுத்துக்கொண்டார்.

"ரிஸ்க் என்னோடது சார். நானே எடுத்துக்கறேன்" என்றாள் சுகந்தி. "பொய் சொல்லிட்டுப் போனா, அங்கே ஒவ்வொரு தடவை விசாவைப் புதுப்பிக்கறப்பவும் அந்தப் பொய்யை ஞாபகம் வெச்சுக்கணும். எனக்கு அவ்வளவு மெமரி கிடையாது."

அன்றே டெக்லனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவர் முதலில் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு கன்னடத்தில் சொன்னார்: "அண்ணா, நம்ம அம்மானும் இதே ப்ரஷ்னே கேளித்ரு."

ஆமாம், அவருடைய அம்மாவும் இதையேதான் கேட்டார்! என்னிடமேதான் கேட்டார். மோரா போனை வாங்கி எனக்கு நினைவுபடுத்தினார். அவர் பேசியது ஆங்கிலம், சாரம் இது: "ரிசப்ஷனில் நான் உங்களைக் கேட்டேனே – இவர்கள் இப்போது கணவன் மனைவியா, இல்லையா? நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள். இன்னும் பத்து மணி நேரம் இருக்கிறது என்றீர்கள். நான் அதற்குள் கல்யாணச் சாப்பாட்டை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டிருந்தேன். பையன் காலையில் மனம் மாறிவிட்டால் சாப்பிட்டதற்கு என்ன பதில் சொல்வது என்று அன்று இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை."

"அதை அப்படியே எழுதித் தர்றீங்களா?" என்று சுகந்தி கேட்டாள்.

"கையாலேயே எழுதுகிறேன். அந்த அலுவலகத்தில் இருப்பவருக்கும் என்னை மாதிரி ஓர் அம்மா இருப்பாள் இல்லையா?" என்றார் மோரா.

சுகந்தியின் கடிதம் பத்து வரி. மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் இருந்தேன். அது என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலைகளில் ஒன்று. 'இதற்கு முன் எங்களுக்கு வேறு திருமணம் நடக்கவில்லை' – இது முதல் வரி. 'எங்கள் ஊரில் விருந்தினர்களுக்காக முதல் நாள் மாலை, திருமணத்துக்காக மறுநாள் காலை. சத்திரம் ஒரு மாலையிலிருந்து மறு மாலைவரை எங்களுடையது. மணமகன் தாலி கட்டும்போதுதான் திருமணம் ஆகிறது. புகைப்படம் 31இல் என் கழுத்தில் தாலி இல்லை. 52இல் இருக்கிறது. இரண்டின் தேதியும் நேரமும் என் அண்ணன் எழுதியவை. அவர் இந்த விஷயங்களில் தவறு செய்வதில்லை.'

கடைசி வரியைப் படித்ததும், ஜன்னலைத் திறப்பதுபோல் எழுந்து போனேன். ஜன்னல் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

பதினொரு இணைப்புகளில் ஒன்பதை எடுத்துவிட்டாள். சத்திரத்து ரசீதும் எங்கள் கல்யாணப் பத்திரிகையும் மட்டும் தப்பின. மோராவின் கடிதம் மெயிலில் வந்து சேர்ந்ததும், ஜூன் 24, செவ்வாய்க்கிழமை காலை 11.15க்கு அனுப்பினோம்.

விசாவுக்கு அலைகிற வாசகர்கள் இருப்பீர்கள். மாப்பிள்ளை ஒரு நாட்டில், பெண் ஒரு நாட்டில் என்று எத்தனை வீடுகள்! அனுபவத்தில் சொல்கிறேன்: கேட்டதற்கு முதல் வரியிலேயே பதில் சொல்லுங்கள். காகிதம் எத்தனை என்று எண்ணாதீர்கள். இன்னொன்று – நாம் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியது எதுவும் அடுத்தவருக்கு விளங்கும் என்று நம்பிவிடாதீர்கள். தினமும் நடக்கிற வழியில் இருக்கும் மேட்டை நம் கால் தானாகத் தாண்டிவிடும். புதிதாக வருகிறவர்தான் தடுக்கி விழுவார். அவர்மேல் கோபப்பட்டு என்ன பயன்?

ஜூலை முழுக்க பதில் இல்லை. கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அந்தப் பத்து வரியைப் படித்த யாருக்கும் இருந்திருக்காது. சுகந்திக்குத்தான் மெயில் பார்ப்பது மூச்சு விடுவதுபோல் ஆகிவிட்டது. தோசை ஊற்றிவிட்டுப் பார்ப்பாள், திருப்பிப் போட்டுவிட்டுப் பார்ப்பாள். கருகிய தோசைகளை நான் குறை சொல்லாமல் சாப்பிட்டேன். எத்தனை என்று டைரியில் இருக்கிறது, அவளிடம் காட்டவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழக்கிழமை. விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள். மீந்த கொழுக்கட்டையைச் சூடு செய்துகொண்டிருந்தபோது, 10.40க்குத் தகவல் வந்தது: முடிவு எடுக்கப்பட்டுவிட்டது, பாஸ்போர்ட்டை விசா மையத்தில் வந்து வாங்கிக்கொள்ளவும். என்ன முடிவு? அதைச் சொல்ல மாட்டார்கள். ஒட்டிய கவருக்குள் இருக்கும்.

மையத்து வாசலில் கவரை என்னிடம் நீட்டினாள். "நீ பிரி."

"உன் கவர். நீதான் பிரிக்கணும்."

பிரித்தாள். பாஸ்போர்ட்டை எடுத்துப் புரட்டினாள். காலிப் பக்கம், காலிப் பக்கம், இன்னொரு காலிப் பக்கம்... பிறகு விரல் நின்றது.

ஒட்டியிருந்தது விசா.

நான் பாஸ்போர்ட்டை வாங்கி, பெயரைச் சரிபார்த்தேன். பிறந்த தேதி. பாஸ்போர்ட் எண்ணை ஒவ்வோர் இலக்கமாக. செல்லுபடியாகும் நாட்கள். இரண்டாவது முறையும் பார்த்தேன்.

"எல்லாம் சரியா இருக்கா சார்?" என்றாள் சுகந்தி. கண்ணில் தண்ணீர், வாயில் கிண்டல். "இப்போ நான் சந்தோஷப்படலாமா?"

"படலாம்" என்றேன்.

நடைபாதையில் நின்றபடியே டெக்லனுக்குப் போன் போட்டாள். அங்கே விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருக்கும். அவள் கன்னடத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "பந்து." வந்துவிட்டது. டெக்லனுக்குக் கன்னடமும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. பிறகு தூரத்தில் மோராவின் குரல் – "என்ன, என்ன?" என்று.

நான் நான்கு அடி தள்ளிப் போய், எதிர்ப்பக்கக் கடைகளின் பெயர்ப்பலகைகளைப் படித்தேன். ஏழு கடைகள்.

மெட்ரோவில் வீடு திரும்பும்போது டிக்கெட் தேதி பேசினோம். செப்டம்பர் மூன்றாவது வாரம். மாலையில் அவள் பெட்டியை மாடியிலிருந்து இறக்கினாள். நான் எடுத்துப் போக வேண்டிய பொருள்களின் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். பேனாவை என் கையிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டாள்.

"அது என் பெட்டி. நீ எப்போ வரே, அதைச் சொல்லு."

"எங்கே?"

"எங்கேயா? என் வீட்டுக்கு."

"என்கிட்டே பாஸ்போர்ட்டே இல்லையே."

"தெரியும். ஊர்லே இருக்கற நிலத்துக்கெல்லாம் எல்லை அளந்தே. நீ ஒரு எல்லையையும் தாண்டலை. அம்மாவைப் பார்த்துக்கணும்னே. அப்புறம் நான் தனியா இருப்பேன்னே. இனிமே என்ன சாக்கு?"

யோசித்தேன். கொழுக்கட்டை சாப்பிட்டோம். பத்து மணிக்குப் படுத்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை. காலை 5.20க்கு எழுந்தேன். பால் வருவதற்கு முன்பு, முதல் வேலையாகக் கம்ப்யூட்டரைத் திறந்து பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கினேன். பெயர், பிறந்த ஊர், கல்வி, உத்தியோகம் – எல்லாம் ஓடின. அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற கட்டத்தில் கை நின்றது. அம்மா போன பிறகு, எந்தப் படிவமானாலும் அங்கே 'சுகந்தி, தங்கை, மேற்படி முகவரி' என்றே எழுதி வந்திருக்கிறேன். இந்த முறை கதவெண், தெரு, கார்க், அயர்லாந்து என்று முழுதாக எழுதினேன். படிவம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.